முப்பது நாளும் ஆறு சனிக்கிழமையும்

ஒருவழியாக செமஸ்டர் பரீட்சை முடிந்தது. கடைசிப் பேப்பர் காஸ்ட் அக்கவுண்டிங். அதைப் பற்றி மட்டும் இப்போது யாரும் கேட்காதீர்கள் :-)

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் ஒன்று இருக்கிறது. "முப்பது நாள் இலவசம், அப்புறம் காசு கட்டு" என்று வரும் டிரையல் சாப்ட்வேர்கள் நம் எல்லோர் கம்ப்யூட்டரிலும் உண்டு. முப்பத்தோராவது நாள் நாம் என்ன செய்வோம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த முப்பத்தோராவது நாளை விற்றவர் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட மாட்டிக்கொண்டேன் என்பதுதான் சரி.

ஊரும் சம்பள நோட்டும்

எனக்குப் பெருமாநல்லூர். திருப்பூருக்கு வடக்கே, சேலம்–கொச்சி நெடுஞ்சாலையும் கோபி ரோடும் சந்திக்கும் இடம். வெளியூர்க்காரர்களுக்குக் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம் என்றால் தெரியும். மற்ற நாட்களில் எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளின் ஊர்தான். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர் எடுப்பார்கள். அதில் ஒரு பகுதி தையலுக்காக முப்பது நாற்பது பேர் வேலை செய்யும் சின்ன ஜாப் ஒர்க் கம்பெனிகளுக்கு வரும். அப்படிப்பட்ட ஷெட்டுகள் எங்கள் வீட்டைச் சுற்றி எத்தனையோ இருக்கின்றன. அம்மா பதினைந்து வருடமாகச் செக்கிங் வேலைக்குப் போகிறார்.

இந்தச் சின்னக் கம்பெனிகளில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். பலருக்குப் பீஸ் ரேட். ஓவர்லாக் டெய்லருக்கு ஒரு ரேட், பிளாட்லாக்குக்கு ஒரு ரேட், சிங்கர் டெய்லருக்கு வேறு. கைமடிக்கும் செக்கிங்குக்கும் ஷிப்ட் கணக்கு. ஸ்டைல் மாறினால் ரேட் மாறும். நடுவில் அட்வான்ஸ் வாங்கியிருப்பார்கள், பள்ளிக்கூட பீஸ், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று. அதை வாரம் முன்னூறு, ஐநூறு என்று பிடிப்பார்கள். இதெல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கும். சனிக்கிழமை நாலு மணிக்கு ஆரம்பித்தால் ஏழு மணி வரை கால்குலேட்டர் தட்டிக்கொண்டிருப்பார்கள். அதுவரை ஜனங்கள் வெளியே நிற்பார்கள். சின்ன வயதில் அம்மாவுக்காக நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

பி.காம். சேர்ந்த பிறகு எக்செல்லில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், டிப்ளமோ படித்தவன், புரோகிராம் எழுதத் தெரிந்தவன். "இதை ஒழுங்கான சாப்ட்வேராவே பண்ணலாம் வா" என்றான். கணக்கு என்னுடையது, கோடு அவனுடையது. ஏழு மாதம் ஆயிற்று. விலை ஆறாயிரம் ரூபாய் என்று வைத்தோம். முதலில் முப்பது நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் வாங்கலாம்.

2025 மார்ச் 3, திங்கட்கிழமை. முதல் கம்பெனியில் போட்டுக் கொடுத்தோம். (கம்பெனி பெயர் வேண்டாமே.) அன்று வீட்டில் அம்மா கேசரி செய்தார்.

நாள் எண்ணும் விதம்

கொஞ்சம் டெக்னிக்கல். பயப்பட வேண்டாம், எனக்குப் புரிந்ததென்றால் உங்களுக்கும் புரியும்.

டிரையல் சாப்ட்வேருக்கு இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று எப்படித் தெரியும்? முதல் நாள் தேதியை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளும். விண்டோஸில் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில், அல்லது மூலையில் ஒரு மறைவான கோப்பில். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இன்றைய தேதியிலிருந்து அதைக் கழிக்கும். முப்பதைத் தாண்டினால் கதவைச் சாத்தும். அவ்வளவுதான்.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதல் நாள் தேதி கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது, அந்தக் கம்ப்யூட்டர் வாடிக்கையாளருடையது. இன்றைய தேதியும் அதே கம்ப்யூட்டரின் கடிகாரத்தில் இருக்கிறது, அந்தக் கடிகாரமும் வாடிக்கையாளருடையது. அதாவது வட்டிக்குக் கடன் கொடுத்துவிட்டு, காலண்டரையும் கணக்கு நோட்டையும் கடன் வாங்கியவர் கையிலேயே கொடுத்துவிட்டு வருகிறோம்.

அண்ணன் அப்போது இதையெல்லாம் யோசிக்கவில்லை. "நம்மூர்ல யாரு இதையெல்லாம் நோண்டப் போறாங்க?" என்றான். நானும் சரி என்றேன்.

இரண்டு தேதி

ஏப்ரல் 2-ஆம் தேதியோடு முப்பது நாள் முடிந்தது. போன் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. 5-ஆம் தேதி சனிக்கிழமையும் போயிற்று. சரி, பிடிக்கவில்லை போலிருக்கிறது, திரும்ப நோட்டுக்கே போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. என்ன குறை என்றாவது கேட்டு வரலாமே என்று 12-ஆம் தேதி சனிக்கிழமை ஏழு மணிக்கு நேரில் போனேன்.

உள்ளே போனால் எங்கள் சாப்ட்வேர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது! சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் திரையின் மூலையைப் பார்த்தேன். 22-03-2025. சுவரில் தினசரி காலண்டரில் ஏப்ரல் 12.

வாய் திறக்கும் முன்பே மேஜைக்கு முன்னால் ஒரு சண்டை. ஓவர்லாக் டெய்லர் அக்கா ஒருவர். கையில் சின்னதாக ஒரு ரூல்டு நோட்டு.

"அண்ணா, என்ற கணக்குல ரெண்டாயிரந்தானுங்க பாக்கி."

"கம்ப்யூட்டர்ல மூவாயிரம்னு இருக்குதே. நானா எழுதினேன்? மிஷின் பொய் சொல்லுமாக்கா?"

"மிஷின் என்ன சொல்லுதோ எனக்குத் தெரியாதுங்க. அஞ்சாயிரம் வாங்குனேன். ஆறு வாரமா அஞ்சஞ்சு நூறு புடிச்சாச்சு. எழுதி வெச்சிருக்கறேன், பாருங்க."

நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். மார்ச் 8, 15, 22, 29, ஏப்ரல் 5, 12. ஒவ்வொன்றுக்கும் எதிரே 500. கோணல் எழுத்து, ஆனால் கணக்கில் ஒரு பைசா தப்பில்லை. ஐந்தாயிரத்தில் மூவாயிரம் போனால் இரண்டாயிரம்.

எங்கள் சாப்ட்வேரில் மார்ச் 8, 15, 22, 29. நாலே நாலு ஐநூறு. பாக்கி மூவாயிரம்.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. வயிற்றைக் கலக்கியது. ஏப்ரல் 5 அன்று சாப்ட்வேர் திறக்கவில்லை. யாரோ சொல்லிக் கொடுத்து கம்ப்யூட்டர் தேதியை மார்ச் 22-க்குப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். திறந்துவிட்டது. அடுத்த வாரமும் அதே வைத்தியம், அதே மார்ச் 22. எங்கள் சாப்ட்வேர் எந்த வாரம் என்பதைக் கம்ப்யூட்டர் தேதியை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். அதனால் மூன்று வாரச் சம்பளமும் "மார்ச் 22-ல் முடியும் வாரம்" என்ற ஒரே பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டது. கையில் கொடுத்த சம்பளத்தில் ஒவ்வொரு முறையும் ஐநூறு கழிந்துவிட்டது. அட்வான்ஸ் கணக்கிலோ ஒரு வாரத்துக்கு ஒரு ஐநூறுதான். இரண்டு ஐநூறு காற்றில் போயிற்று.

அந்த அக்காவிடம் நோட்டு இருந்தது. மற்றவர்களிடம்?

அன்று ராத்திரி ஒன்பதரை வரை உட்கார்ந்து, அட்வான்ஸ் வாங்கியிருந்த பதினோரு பேர் கணக்கையும் கையால் சரி செய்தேன். நல்லவேளையாக இரண்டு வாரச் சம்பளக் கவர்களின் மேல் பென்சிலில் தொகை எழுதி வைத்திருந்த லிஸ்ட் இருந்தது. இல்லாவிட்டால் என் கதி அதோகதி.

"உங்க லேப்டாப்புல?"

எல்லோரும் போன பிறகு ஓனரிடம் கேட்டேன். "அண்ணா, தேதியை எதுக்குங்க மாத்துனீங்க? எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

அவர் மழுப்பவில்லை. "பண்ணுனா ஆறாயிரம் கேப்பீங்க அம்மணி. எனக்கு எக்ஸ்போர்ட் கம்பெனில இருந்து ரெண்டு மாசமாப் பேமென்ட் வரலீங்க. வந்தா குடுத்துப்போடலாம்னு இருந்தேன். அதுவரைக்கும் சனிக்கெழமை நிக்குமா?" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "ஏனுங்க அம்மணி, உங்க லேப்டாப்புல இருக்கறது எல்லாம் காசு குடுத்து வாங்குனதுங்களா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது.

காமர்ஸ் படிக்கும் நண்பர்களுக்கு டேலியின் எஜுகேஷனல் மோடு தெரியும். லைசென்ஸ் இல்லாமல் திறந்தால் அதில்தான் வரும். எல்லாம் வேலை செய்யும், ஆனால் மாதத்தில் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் போட முடியும். நம் பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டில் உலகத்தில் உள்ள எல்லா வியாபாரமும் ஏப்ரல் ஒன்றாம் தேதியே நடந்து முடிந்திருக்குமே, அது இதனால்தான். இரண்டாம் வருடம் எனக்கு இது அலுத்துப்போய், ஒரு பென் டிரைவிலிருந்து "ஃபுல் வெர்ஷன்" காப்பி பண்ணிக்கொண்டேன். அதோடு ஒரு வைரஸும் இலவசமாக வந்து போல்டர்களையெல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றியது வேறு கதை. வைரஸை அழித்தேன். ஃபுல் வெர்ஷனை அழிக்கவில்லை.

ஆக, ஆறாயிரம் ரூபாய் திருட்டைக் கேட்கப் போனவள் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள திருட்டை வீட்டில் வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

டேலி சொல்லும் பாடம்

நிற்க. அந்த டேலியின் கதையைப் பிறகு தேடிப் படித்தேன். பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்பவர் ஆலைகளுக்கும் டெக்ஸ்டைல் மில்களுக்கும் மூலப்பொருளும் மிஷின் பாகமும் சப்ளை செய்துகொண்டிருந்தார். தன் கணக்கை எழுத ஒத்துவரும் சாப்ட்வேர் எதுவும் கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம் நீயே ஒன்று எழுது என்றார். 1986-ல் பியூட்ரானிக்ஸ் என்ற கம்பெனி ஆரம்பித்தது. பின்னால் அதுதான் டேலி சொல்யூஷன்ஸ் ஆனது. பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மில்லுக்குச் சாமான் போட்ட ஒரு வியாபாரியின் கணக்கு நோட்டிலிருந்து வந்த சாப்ட்வேர் என்று தெரிந்ததும் எனக்கு ரொம்ப நெருக்கமாகிவிட்டது. எங்கள் கதையும் அதே மாதிரிதானே (ஆசை யாரை விட்டது!).

ஆனால் நான் அதில் கவனித்தது வேறு. எஜுகேஷனல் மோடு நாட்களை எண்ணுவதில்லை. ஒரு மாணவி மூன்று வருடம் அதில் படிக்கலாம், யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். ஆனால் ஒரு கடைக்காரர் அதில் ஒரு மாதக் கணக்குகூட ஒழுங்காக எழுத முடியாது, ஏனென்றால் 3-ஆம் தேதி பில்லை 3-ஆம் தேதி போட முடியாது. கம்ப்யூட்டர் கடிகாரத்தை எவ்வளவு திருப்பினாலும் பிரயோஜனமில்லை. படிப்பவருக்குத் தேவையானது திறந்திருக்கிறது, வியாபாரிக்குத் தேவையானது பூட்டியிருக்கிறது. நான் இரண்டு வருடம் திட்டிக்கொண்டிருந்த விஷயத்தில் இவ்வளவு யோசனை இருந்திருக்கிறது!

இதற்கு முன்னோர்களும் உண்டு. 1982-ல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் பிசி-டாக் என்ற சாப்ட்வேரையும், ஜிம் நாஃப் பிசி-ஃபைல் என்பதையும் வெளியிட்டார்கள். காப்பி எடுத்து நண்பர்களுக்குக் கொடுங்கள், பிடித்திருந்தால் பணம் அனுப்புங்கள் என்றார்கள். பூட்டே கிடையாது. ஷேர்வேர் என்ற வியாபார முறை அப்படித்தான் வளர்ந்தது. 1993-ல் டூம் என்ற விளையாட்டு வந்தபோது முதல் பாகத்தை இலவசமாக விட்டு மற்ற பாகங்களைக் காசுக்கு விற்றார்கள். அதுவும் நாள் கணக்கு இல்லை. நம் எல்லோருக்கும் பழக்கமான வின்ரார் நாற்பது நாள் டிரையல் என்று சொல்லும், நாற்பது நாள் கழித்தும் ஓடும், வாங்கிக்கொள் என்று ஞாபகப்படுத்துவதோடு சரி. அதற்கு நேர் எதிர் விண்டோஸ். 2001-ல் எக்ஸ்பி வந்தபோது முப்பது நாளுக்குள் ஆக்டிவேட் செய்யாவிட்டால் வேலை செய்ய விடாது.

பூட்டு மேல் மோகம் அதிகமானால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2005-ல் சோனி பிஎம்ஜி தன் பாட்டு சிடிக்களைக் காப்பி எடுக்காமல் தடுக்க ஒரு சாப்ட்வேரைச் சேர்த்து விற்றது. அது வாடிக்கையாளர் கம்ப்யூட்டருக்குள் சொல்லாமல் போய் ஒளிந்துகொண்டது. அந்த ஒளிவிடத்தை வைரஸ்களும் பயன்படுத்திக்கொண்டன. காசு கொடுத்து வாங்கியவர்தான் பாதிக்கப்பட்டார். வழக்குகள் வந்தன, சிடிக்களைத் திரும்பப் பெற்றார்கள்.

அண்ணனின் கோபம்

நான் சொன்னதைக் கேட்டு அண்ணனுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "அடுத்த அப்டேட்ல பாரு. தேதி பின்னால போனா மொத்த டேட்டாவையும் அழிச்சுடற மாதிரி வெக்கிறேன்" என்றான்.

"அதுல அந்த அக்காவோட ரெண்டாயிரம் இருக்குதே" என்றேன்.

"அது அவங்க ஓனர் பிரச்சினை."

"ஓனர் பிரச்சினை இல்லண்ணா. டேட்டா போனா ஓனர் ஞாபகத்துல இருந்து ஒரு கணக்குச் சொல்லுவாரு. அவங்க அதை ஒத்துக்கணும். நோட்டு வெச்சிருக்கறவங்க ஒருத்தரு ரெண்டு பேருதான்."

இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் வணிகச் சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். காப்பிரைட் சட்டம் 1957-ன்படி கம்ப்யூட்டர் புரோகிராமும் ஓர் இலக்கியப் படைப்புதான் (கணக்கு சாப்ட்வேர் எழுதும் அண்ணன் இலக்கியவாதியானது அன்றுதான்). திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் பிரிவு 63பி-யின்படி ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். லாபத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால் சிறை இல்லாமல் அபராதத்தோடு விடக் கோர்ட்டுக்கு இடம் உண்டு. 2012-ல் சேர்த்த 65ஏ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதற்கே இரண்டு வருடம் வரை சிறை என்கிறது.

அண்ணன் முகம் மலர்ந்தது. அடுத்த புத்தகத்தைத் திறந்தேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43. கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் அதில் உள்ள தகவலை அழித்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். உரிமை உள்ளவரைக் கம்ப்யூட்டருக்குள் விடாமல் தடுத்தாலும் அப்படியே. கெட்ட எண்ணத்தோடு செய்தால் பிரிவு 66-ன்படி மூன்று வருடம் வரை சிறை. சாப்ட்வேர் எங்களுடையது, உண்மைதான். அதில் உள்ள சம்பளக் கணக்கு எங்களுடையது அல்ல. ஆறாயிரம் வராத கோபத்தில் அண்ணன் தன்னையே பிரதிவாதியாக்கிக்கொள்ளப் பார்த்தான்!

கடிகாரம் வேண்டாம், சனிக்கிழமை போதும்

சரி, அழிக்க வேண்டாம். தேதி பின்னால் போனால் திறக்காமல் இருந்தால் போதுமே? கடைசியாகத் திறந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, இன்றைய தேதி அதைவிடப் பழையதாக இருந்தால் பூட்டு. நிறைய சாப்ட்வேர்கள் இப்படித்தான் செய்கின்றன.

இதையும் நாங்கள் செய்து பார்த்தோம். இரண்டாவது கம்பெனியிலிருந்து திங்கட்கிழமை காலையிலேயே போன். "தெறக்கலீங்க!" போய்ப் பார்த்தால் அவர் எதையும் மாற்றவில்லை. பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டர். மதர்போர்டில் உள்ள காசு மாதிரியான பேட்டரி தீர்ந்துவிட்டது. கரண்ட் போனால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான் செய்த குற்றம். எங்கள் பூட்டு நேர்மையானவரைத் திருடன் என்று பிடித்துவிட்டது.

இன்டர்நெட் வழியாகச் சரிபார்க்கலாம். தேதியை எங்கள் சர்வரிலிருந்து எடுத்தால் அவர் கடிகாரம் எப்படி இருந்தால் என்ன? ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஷெட்டில் சிக்னல் இல்லை என்றால்? நாளைக்கு எனக்கு வேலை கிடைத்து, அண்ணனுக்குக் கல்யாணமாகி, சர்வருக்குப் பணம் கட்ட மறந்துவிட்டால்? காசு கொடுத்து வாங்கியவர்கூட நடுத்தெருவில் நிற்பார்.

இன்னொன்றையும் அண்ணனே ஒத்துக்கொண்டான். எந்தப் பூட்டாக இருந்தாலும் கடைசியில் புரோகிராமுக்குள் "காசு கட்டியாயிற்றா?" என்று கேட்கும் ஓர் இடம் இருக்கும். தெரிந்தவன் அந்தக் கேள்வியையே மாற்றிவிடுவான். நூறு சதவீதம் உடைக்க முடியாத பூட்டு என்பது வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் ஓடும் சாப்ட்வேருக்குச் சாத்தியமில்லை. பூட்டு என்பது சாதாரண மனிதர்களைச் சபலத்திலிருந்து காப்பாற்றத்தான்.

அப்போதுதான் எஜுகேஷனல் மோடு ஞாபகம் வந்தது. நாளை ஏன் எண்ண வேண்டும்? எங்கள் வாடிக்கையாளருக்கு எது முக்கியம்? சனிக்கிழமை. அதையே எண்ணுவோம்.

இப்போது எங்கள் டிரையலுக்கு நாள் கணக்குக் கிடையாது. ஆறு சம்பளப் பட்டியல் இலவசம். ஆறு வாரத்தில் போட்டாலும் சரி, ஆறு மாதத்தில் போட்டாலும் சரி. ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒன்று, இரண்டு என்று வரிசை எண். வாரத்தின் தேதியைக் கம்ப்யூட்டரிடம் கேட்பதில்லை. கணக்கு எழுதுபவரே போட வேண்டும், போன பட்டியலுக்குப் பிந்தைய தேதியாக இருந்தால்தான் ஏற்கும். கடிகாரம் எந்த வருடத்தில் இருந்தாலும் கவலை இல்லை. அந்த எண்ணிக்கை எங்கே இருக்கிறது? தனி மூலையில் ஒளித்து வைக்கவில்லை. அட்வான்ஸ் பாக்கி இருக்கும் அதே கோப்பில், கையால் திருத்தினால் தெரிந்துவிடும்படி ஒரு முத்திரையோடு இருக்கிறது. சாப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்தான். ஆனால் அட்வான்ஸ் கணக்கும் வெறுமையாகத்தான் ஆரம்பிக்கும். முப்பது பேர் பாக்கியை மறுபடி உட்கார்ந்து அடிக்க வேண்டும். பூட்டைத் தனியாக வைத்தால் உடைப்பார்கள். அவர்களுக்கு வேண்டிய பொருளோடு சேர்த்துக் கட்டினால் அவர்களே யோசிப்பார்கள்.

இன்னும் இரண்டு விதி. நாலாவது பட்டியலிலிருந்தே "இன்னும் இரண்டு" என்று சொல்லிவிடும், கடைசி நிமிடத்தில் அதிர்ச்சி கிடையாது. ஆறு முடிந்த பிறகும் பழைய கணக்கு எல்லாம் திறக்கும், எக்செல்லில் எடுத்துக்கொள்ளலாம், அச்சடிக்கலாம். புதுப் பட்டியல் மட்டும் போட முடியாது. யாருடைய அட்வான்ஸ் கணக்கும் எங்கள் ஆறாயிரத்துக்குப் பிணையாக இருக்கக் கூடாது என்பது நான் பிடித்த பிடிவாதம். கூடவே ஒரு வேலை எங்கள் கேள்விக்கே வராமல் எப்போதும் நடக்கும். ஒவ்வொருவருக்கும் சம்பளச் சீட்டில் பழைய பாக்கி, இந்த வாரம் பிடித்தது, மீதி என்று மூன்று வரி. நோட்டு வைத்துக்கொள்ளாதவருக்கும் கையில் ஒரு கணக்கு.

கடைசியாக

அந்த முதல் கம்பெனி ஓனர் ஜூன் மாதம் மூவாயிரம், ஆகஸ்டில் மூவாயிரம் என்று கொடுத்து முடித்தார். அவருக்குப் பேமென்ட் வந்த பிறகு. சிறுதொழில் சட்டம் 2006, பிரிவு 15, சின்னக் கம்பெனிகளுக்குத் தர வேண்டியதை எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் நாற்பத்தைந்து நாளுக்குள் தர வேண்டும் என்கிறது. அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். "சட்டம் கெடக்குது அம்மணி, கேட்டா அடுத்த ஆர்டரு குடுக்க மாட்டாங்க" என்றார். மேலே இருப்பவர் அவர் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறார், அவர் எங்கள் கடிகாரத்தைத் திருப்பினார். கடைசியில் அது ஓவர்லாக் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அக்காவின் ஆயிரம் ரூபாயில் வந்து நின்றது.

இன்னொரு கம்பெனிக்காரர் ஆறு பட்டியல் முடிந்ததும் அழித்துவிட்டு, அட்வான்ஸ் பாக்கியையெல்லாம் மறுபடி அடித்து ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். அண்ணன் பல்லைக் கடிக்கிறான். நான் விட்டுவிடு என்றேன். ஆறு வாரத்துக்கு ஒருமுறை அவ்வளவு கஷ்டப்படுகிறவர் என்றைக்காவது ஒரு நாள் வருவார். வராவிட்டாலும், அங்கே கணக்கு தப்பாமல் நடக்கிறது. இதுவரை மொத்தம் நாலு கம்பெனி வாங்கியிருக்கிறார்கள். இருபத்துநாலாயிரம். ஏழு மாத உழைப்பை வைத்துப் பார்த்தால் செக்கிங் வேலைக்கே போயிருக்கலாம் என்று அம்மா சொல்கிறார். காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவள் என்ற முறையில் எனக்கும் அதற்குப் பதில் இல்லை.

அந்த "ஃபுல் வெர்ஷன்" என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அழித்துவிட்டேன். ஏப்ரல் 12 ராத்திரியே அழித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். ஒரு புராஜெக்ட் முடிக்க வேண்டியிருந்ததால் மே மாதம்தான் அழித்தேன். இப்போது திரும்பவும் 1, 2, 31 தான். என் ரெக்கார்டு நோட்டில் உலக வியாபாரமெல்லாம் மறுபடி ஏப்ரல் ஒன்றாம் தேதியே நடக்கிறது.

போன வாரம் அந்த அக்காவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அட்வான்ஸ் எப்போதோ முடிந்துவிட்டதாம். "இப்பெல்லாம் சீட்டுலயே போட்டுத் தர்றாங்க கண்ணு" என்றார். அப்படியானால் நோட்டில் எழுதுவதை விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன்.

"அதெப்படி உடுவேன்? மிஷினு ஒரு பக்கம் எழுதட்டும், நானும் ஒரு பக்கம் எழுதிக்கறேன்" என்றார்.

ஆடிட்டிங் பேப்பரில் எனக்கு இதைவிட நன்றாக யாரும் சொல்லித் தரவில்லை.